மார்த்தாண்ட வர்மர்

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மர் 1706ஆம் ஆண்டில் பிறந்தார். நம்மாழ்வார் தமிழில் பாடிய திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில், அவர் பிறப்பதற்கு முன்பே, 1686இல், தீயில் பெரிதும் சிதைந்திருந்தது. 1729இல் அரியணை ஏறிய மன்னர், போர்களுக்கிடையிலும் கோயில் திருப்பணியைக் கைவிடவில்லை. கருவறை புதுப்பிக்கப்பட்டது. மரத்தாலான பழைய திருமேனிக்கு மாற்றாக, நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வந்த 12,008 சாளக்கிராமங்களைக் கொண்டு புதிய திருமேனி அமைக்கப்பட்டது. அதன் முன்னே, பெயருக்கேற்ப ஒரே பாறையாலான ஒற்றைக்கல் மண்டபம் உருவாயிற்று. 1750இல் நாட்டையே இறைவனுக்கு அர்ப்பணித்த மன்னர், பத்மநாபரின் அடியவராக ஆட்சி புரிந்தார். 1758இல் மறைந்தார்.

சிதைந்ததை அவர் அப்படியே விட்டிருந்தால், ஆழ்வார் பாடிய கோயில் வெறும் நினைவாகியிருக்கும். முன்னோர் கட்டியதைப் பழுதுநீக்கிக் காப்பதும், புதிதாகக் கட்டுவதற்கு இணையான அரும்பணியே.