கொரில்லாக்களின் தோழி

ஜொகூரின் எண்டாவ் ரொம்பின் காட்டில் வாழும் கிப்பன் குரங்குகள் மனிதரைக் கண்டால் கிளைகளுக்குள் மறைந்துவிடும். ருவாண்டாவின் மலைக் கொரில்லாக்களும் முதலில் அப்படித்தான் ஓடின. 1967ஆம் ஆண்டில் அங்கு ஆய்வு முகாம் அமைத்த அமெரிக்கப் பெண்மணி டயான் ஃபோசி, அவற்றைப் போலவே குனிந்து நகர்ந்தார், குரலெழுப்பினார், காட்டுச் செடிகளையும் மென்றார். 1970இல் ஒரு கொரில்லா அவர் கையைத் தொட்டது.

முன்பு மருத்துவமனையில் உடற்குறையுள்ள சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்துவந்த அவரிடம் விலங்கியல் பட்டம் இல்லை. பட்டமின்றி ஆய்வுக்கு நிதி கிடைப்பது அரிது. எனவே, அதே ஆண்டு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். காட்டுக்கும் கல்லூரிக்கும் மாறிமாறிச் சென்று முனைவரானார்.

1977ஆம் ஆண்டின் கடைசி நாளில், அவர் பத்தாண்டுகளாக அறிந்திருந்த டிஜிட் என்னும் கொரில்லாவை வேட்டைக்காரர்கள் கொன்றனர். அதன்பின் ஆய்வைவிடக் காவலே அவருக்குப் பெரிதாயிற்று. கண்ணிகளை அகற்றினார், கடுமையாக நடந்து பகையையும் தேடிக்கொண்டார். 1985இல் தம் குடிலிலேயே கொல்லப்பட்ட அவர், டிஜிட்டின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.