ஹாரி பிரியர்லி

ஹாரி பிரியர்லி (பெப்ரவரி 18, 1871 – சூலை 14, 1948) இங்கிலாந்தைச் சேர்ந்த உலோகவியலாளர் ஆவார். தமிழில் எவர்சில்வர் என வழங்கப்படும் துருப்பிடிக்காத எஃகு வகைகளுள், கத்தி அலகுக்கு ஏற்ற வகையை 1913இல் உருவாக்கியவர் இவரே.

இளமை

எஃகுத் தொழிலுக்கும் கத்தி உற்பத்திக்கும் பெயர்பெற்ற செஃபீல்டு நகரில் ஏழைக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை தாமஸ் ஃபிர்த் நிறுவனத்தில் எஃகு உருக்கும் தொழிலாளி. பிரியர்லியும் 12 வயதில் பள்ளியை விட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராகி, ஓய்வு நேரத்தில் தாமே பயின்று எஃகுப் பகுப்பாய்வில் வல்லவரானார். சில ஆண்டுகள் உருசியப் பேரரசிலிருந்த ரீகா நகரின் எஃகு ஆலையில் பணியாற்றினார். 1908இல் ஃபிர்த், ஜான் பிரவுன் ஆகிய இரு நிறுவனங்களும் இணைந்து தொடங்கிய ஆய்வகத்துக்குத் தலைவரானார்.

கண்டுபிடிப்பு

துப்பாக்கிக் குழல்களின் உட்புறம் வெப்பத்தாலும் வாயுக்களாலும் விரைவில் அரிக்கப்பட்டு வந்தது. இச்சிக்கலை ஆராயும் பணி 1912இல் பிரியர்லியிடம் வந்தது. அவர் குரோமியம் மிகுந்த எஃகுகளைச் சோதித்தார். ஆகத்து 13, 1913 அன்று வார்க்கப்பட்ட எஃகில் 12.8 விழுக்காடு குரோமியமும் 0.24 விழுக்காடு கரிமமும் இருந்தன.

எஃகின் நுண்ணமைப்பை நுண்நோக்கியில் காண, அதன் பரப்பை நைட்ரிக் அமிலம் கலந்த கரைசலால் அரிப்பது வழக்கம். இந்த எஃகு அவ்வரிப்புக்கு எளிதில் இணங்கவில்லை. வினாகிரி, எலுமிச்சைச் சாறு ஆகியவற்றையும் அது தாங்கியது. அக்காலத்தில் உணவு மேசைக் கத்திகள் சாதாரணக் கரிம எஃகால் ஆனவை. பழச்சாறு பட்டாலே கறைபடும், துடைக்காவிட்டால் துருவேறும். எனவே இப்புதிய எஃகு குழல்களைவிடக் கத்திகளுக்கே ஏற்றது என அவர் கருதினார். நிறுவன மேலாளர்கள் அதில் ஆர்வம் காட்டவில்லை.

வெட்டாத கத்தி

முதலில் மாதிரிகளைப் பெற்ற கத்தி உற்பத்தியாளர்கள் இந்த எஃகு பயனற்றது என்றனர். பிரியர்லி வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்தவர் என ஏளனம் செய்யப்பட்டார். உண்மையில் குறை எஃகில் இல்லை. சாதாரணக் கரிம எஃகை ஏறத்தாழ 800 பாகை செல்சியசில் சூடாக்கிக் குளிர்வித்தால் அது கடினமாகும். குரோமியம் மிகுந்த எஃகுக்கு ஏறத்தாழ 1000 பாகை தேவை. பழகிய சூட்டிலேயே பதப்படுத்தியபோது அது கடினமாகவில்லை.

1914இல் மோசிலி நிறுவனத்தின் எர்னஸ்ட் சுடூவர்ட் இம்முயற்சியில் இணைந்தார். அவருடைய முதல் முயற்சிகளும் தோற்றன. பிரியர்லி உடனிருந்து வெப்பநிலையைக் கவனித்த பின்னரே நல்ல கத்திகள் கிடைத்தன. பிரியர்லி துருவற்ற எஃகு என்று குறிப்பிட்டு வந்ததற்குக் கறையற்ற எஃகு என்னும் பொருள்தரும் ஆங்கிலப் பெயரைச் சூட்டியவர் சுடூவர்ட்டே.

உரிமைப் பிணக்கு

கண்டுபிடிப்பின் உரிமை குறித்து நிறுவனத்துடன் ஏற்பட்ட பிணக்கால் 1915இல் பிரியர்லி விலகி, பிரவுன் பெய்லி நிறுவனத்தில் சேர்ந்தார். 1916இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். செருமனியில் குருப் நிறுவனத்தினரும் அமெரிக்காவில் எல்வுட் ஹேன்சும் ஏறத்தாழ அதே காலத்தில் இத்துறையில் வெற்றி கண்டதால், இப்பெருமையை ஒருவருக்கே உரியதாகக் கூறுவது பொருந்தாது.

கத்தி எஃகுத் தேர்வு

சமையல் பாத்திரங்களுக்குப் பெரிதும் பயன்படும் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட எஃகு, 1924இல் பிரியர்லிக்குப் பின் அவ்வாய்வகத் தலைவரான ஹாட்ஃபீல்டால் உருவாக்கப்பட்டது. வெப்பத்தால் அதைக் கடினமாக்க இயலாது. எனவே அது கூரிய அலகுக்கு ஏற்றதன்று. பிரியர்லியின் எஃகு கடினமாகக்கூடிய வகையைச் சேர்ந்தது. இன்றைய 420 வகை எஃகு அதற்கு நெருங்கியது.

இரத்தமும் ஈரமும் படும் வேட்டைக் கத்திக்கு எஃகு தேர்வோர் இன்றும் எதிர்கொள்வது பிரியர்லி கண்ட அதே சமநிலைச் சிக்கலே. கரிமத்தைக் கூட்டினால் கூர்மை நீடிக்கும். ஆனால் கரிமம் குரோமியத்துடன் சேர்ந்து கார்பைடுகளாவதால் துருவைத் தடுக்கும் குரோமியம் குறையும். எலும்பில் பட்டால் அலகு எளிதில் சில்லு பெயரும். 440சி வகையில் ஏறத்தாழ 1 விழுக்காடு கரிமமும் அதற்கு ஈடாக 16 முதல் 18 விழுக்காடு குரோமியமும் உள்ளன. 420 வகை கூர்மையை விரைவில் இழந்தாலும் எளிதில் தீட்டத்தக்கது, துருவை நன்கு தாங்குவது.

இறுதிக்காலம்

1920இல் இரும்பு எஃகுக் கழகத்தின் பெசமர் தங்கப் பதக்கம் பெற்றார். 1941இல் தன்வரலாற்றை வெளியிட்டதோடு ஃபிரெஷ்கேட் என்னும் அறக்கட்டளையையும் நிறுவினார். 1948இல் டார்க்கி நகரில் காலமானார்.