ரட்ஜ் வண்டியைப் பிரித்த பையன்

கியர் சைக்கிள் வெச்சிருக்கிறவங்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். மூணாவது கியரிலிருந்து நாலுக்குப் போகச் சொன்னா, சங்கிலி கொஞ்ச நேரம் கடகடன்னு யோசிக்கும், அப்புறம் அஞ்சுக்குத் தாவும். ரெட்டியார்சத்திரத்தில் பஞ்சர் ஒட்ட ஆள் உண்டு. டிரெய்லர் திருக நீங்கதான் உட்காரணும். ஸ்க்ரூ டிரைவரும் பழைய துணியுமா ஹாஸ்டல் வராண்டாவில் உட்கார்ந்தா, முதல் கேள்வி: எதை முதலில் திருகுறது? ஹெச், எல் என்று இரண்டு திருகு, கேபிள் முனையில் ஒரு பேரல் அட்ஜஸ்டர். மூணையும் ஒரே நேரத்தில் திருகிவிட்டால் எது எதைச் செய்ததுன்னு கடவுளுக்குத்தான் தெரியும்.

இதே மாதிரி, சொல்லித்தர ஆளில்லாம, ஒரு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்த ஒருத்தரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெயர் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஜி.டி. நாயுடு. கோபால்சாமி துரைசாமி நாயுடு என்பது முழுப்பெயர். 1893 மார்ச் 23-ல் கோவைக்குப் பக்கத்தில், சூலூர் வட்டாரத்துக் கலங்கல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவே இல்லை. ஆரம்ப வகுப்புகளோடு அது முடிந்துபோனது. வாத்தியார் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடிய கதையை எல்லாரும் சொல்வார்கள். அதை நாம் ரொம்பக் கொண்டாட வேண்டாம், வாத்தியார் பாவம்.

பையனா இருந்தபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்ததைப் பார்த்தார். ரட்ஜ் வண்டி. அந்தக் கம்பெனியே இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் சைக்கிள் செய்துகொண்டிருந்த கம்பெனிதான், மோட்டார் சைக்கிளுக்கு வந்தது 1910-ஐ ஒட்டி. மாடும் இல்லாமல், மிதிக்கவும் இல்லாமல் ஓடுகிற வண்டி என்பது அன்றைக்குக் கொங்கு நாட்டுக் கிராமத்தில் என்ன அதிசயமா இருந்திருக்கும்னு நீங்களே நினைச்சுப் பாருங்க. அந்த வண்டி வேணும்னு தோணிவிட்டது. கையில் காசு கிடையாது. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலை பார்த்தார். மூணு வருஷம் தட்டு எடுத்துச் சேர்த்த பணத்தோடு அதே அதிகாரியிடம் போய் அந்த வண்டியையே வாங்கினார்.

வாங்கினவர் அதை ஓட்டிக்கொண்டு சுற்றினார் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் அதைக் கழற்றினார். முழுசா. அப்புறம் மாட்டினார். திரும்பக் கழற்றினார்.

மெக்கானிக்கல் படிக்கிறவங்க இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும். அந்தக் கால ரட்ஜில் ஒற்றை சிலிண்டர், பின்சக்கரத்துக்குச் சக்தி போவது பெல்ட்டில். எளிய வண்டிதான். ஆனால் நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றணும். இந்த இரண்டையும் இணைக்கிற பல்சக்கரங்களைக் கழற்றும்போது எந்தப் பல் எந்தப் பல்லோடு இருந்ததோ, அதே இடத்தில் திரும்ப உட்காரணும். ஒரு பல் தள்ளிப் போனாலே வால்வு நேரம் கெட்டுப் போய் இன்ஜின் முரண்டு பிடிக்கும். இதைச் சொல்லித்தர அவருக்கு வகுப்பு இல்லை, யூட்யூப் இல்லை. தப்பா மாட்டினால் ஓடாது, சரியா மாட்டினால் ஓடும். இந்த இரண்டே பதிலைச் சொல்லும் ஒரு வாத்தியார் அந்த வண்டி. அந்த வாத்தியாரோடு மட்டும் அவருக்குச் சண்டை வரவில்லை.

தப்பு செய்து கத்துக்கிறது என்று சும்மா சொல்கிறோமே, அதற்கு ஒரு நிபந்தனை இருக்கு. தப்பைத் திருப்பி எடுக்க முடியணும். உங்க சைக்கிளில் பேரல் அட்ஜஸ்டரைக் கால் சுற்று இடது பக்கமாகத் திருகினால் கேபிள் இறுகும், சங்கிலி பெரிய பல்சக்கரத்துப் பக்கம் நகரும். சரிப்படலையா, அதே கால் சுற்று திரும்ப. ஒரு தடவைக்கு ஒரு திருகு. (டிரெய்லர் மாட்டியிருக்கிற ஹேங்கர் வளைந்திருந்தால் எத்தனை திருகினாலும் சரியாகாது. முதலில் பின்னாலிருந்து அதை ஒரு பார்வை பாருங்க.) கழற்றி மாட்டிய இன்ஜினும் அப்படித்தான், திரும்பக் கழற்றலாம். ஆனால் எல்லாத் தப்பும் இப்படி இல்லை. நாயுடுவுக்கே அது நடந்தது. திருப்பூரில் பஞ்சு அரைக்கிற ஆலை வைத்து, முதல் உலகப் போர்க் காலத்தில் நல்ல பணம் பார்த்தார். அதைக் கொண்டுபோய் பம்பாயில் பருத்தி வியாபாரத்தில் போட்டார். அங்கே பழம் தின்று கொட்டை போட்ட வியாபாரிகள். மொத்தமும் போனது. வியாபாரத்தில் கால் சுற்று திரும்பத் திருக வழி கிடையாது.

ஊருக்குத் திரும்பி, மறுபடி வண்டிக்கே வந்தார். கோவையின் பெரிய தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ் உதவ, 1920-ல் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். ஓனரும் அவரே, டிரைவரும் அவரே. ரிப்பேர் யார் பார்த்திருப்பார்னு சொல்லணுமா? அந்த ஒரு பஸ்தான் யு.எம்.எஸ். என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்தவற்றின் பட்டியல் நீளம். டிரை செல்லில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த ராசண்ட் சவரக் கருவி, மிக மெல்லிய பிளேடு, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, முறைகேடு செய்ய முடியாத ஓட்டுப் பதிவு இயந்திரம். பருத்தி, பப்பாளிச் செடிகளையும் விட்டுவைக்கவில்லை. நம்ம ஊர் காய்கறி மகத்துவ மையத்தைப் பார்த்திருந்தால் வாசலோடு திரும்பியிருக்க மாட்டார். 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம்பிடித்தவரும் இதே மனுஷன்தான்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது சவரக் கருவி இல்லை, 1937-ல் டி. பாலசுந்தரத்தோடு சேர்ந்து செய்த மின்மோட்டார். இந்தியாவில் செய்த முதல் மோட்டார் என்று அதைச் சொல்கிறார்கள். நீலகிரியில் பைக்காரா மின்நிலையம் 1932-ல் ஓட ஆரம்பித்து, கோவைப் பக்கம் கரண்ட் வந்துவிட்டது. ஆழக் கிணறும் வறண்ட மண்ணுமான பூமி. கவலை ஓட்டி மாட்டை வைத்து இறைத்த இடத்தில் மோட்டார் வந்தால் என்ன ஆகும்? ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும் முருங்கையையும் தக்காளியையும் கேளுங்க. கோவை பம்ப்செட் இல்லாத கிணறு நம்ம பக்கம் அபூர்வம்.

நமக்கு நேராகச் சுடும் பகுதி இனிமேல்தான். 1945-ல் அவருடைய நன்கொடையோடும் முயற்சியோடும் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு பொறியியல் கல்லூரி வந்தது. ஆர்தர் ஹோப் அப்போது சென்னை மாகாண கவர்னர். இன்றைக்குக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி., என்று நாம் சொல்வது அதைத்தான். பள்ளியையே தாண்டாதவர் அதற்கு முதல்வராக இருந்தார். நாலு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷம் தாராளம் என்பது அவர் கருத்து. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டுவிட்டார்.

அரியர் வைத்திருக்கிற நண்பர்கள் இந்த இடத்தில் கைதட்டலாம். நான் பாதிதான் தட்டுவேன். ஒரு போல்ட் எப்படிக் கழலும் என்பதைக் கழற்றித் தெரிந்துகொள்ளலாம். ஒரு லட்சம் தடவை பாரம் ஏற்றி இறக்கிய பிறகு அந்த போல்ட் ஏன் திடீரென்று உடைகிறது என்பதைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்குக் கணக்கு வேணும், உலோகவியல் வேணும். பாலம் கட்டுகிறவர் தப்பு செய்து கத்துக்க முடியாது. ஆனால் மூணாவது வருஷம் வரைக்கும் ஒரு கியர்பாக்ஸைக் கையால் தொடாமல், கியர் ரேஷியோ கணக்கு மட்டும் போட்டுப் பாஸாகும் நம்மைப் பார்த்தால், அந்த மனுஷன் ராஜினாமா செய்தது அநியாயம்னு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களுக்கு என்ன தோணுது, யோசிச்சு வைங்க.

கடைசிக் காலம் முழுக்க வெற்றி இல்லை. ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்குச் செய்துதர முடியும் என்று 1941-ல் அறிவித்தார். 1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார், விலை இரண்டாயிரம் ரூபாய். லைசென்ஸ் கிடைக்கவில்லை, உற்பத்தி நின்றது. வரிச்சுமையைக் கண்டித்து, தன் கையால் உருவாக்கின பொருட்களையே ஜனங்கள் முன்னால் உடைத்துப் போட்டார். சின்ன வயசிலிருந்து கழற்றியும் மாட்டியும் பழகிய கை அது. உடைத்ததைத் திரும்ப மாட்ட முடியாதுன்னு அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? கோபம் நியாயமாகவே இருக்கட்டும், அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

1974 ஜனவரி 4-ல் காலமானார். 2025 அக்டோபரில் திறந்த அவிநாசி சாலை மேம்பாலத்துக்கு, பத்து கிலோமீட்டர் சொச்சம் நீளம், அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். அதே சாலையில் அவர் பெயரில் அருங்காட்சியகமும் இருக்கு, பழைய கார்கள் வரிசையா நிற்கும். செமஸ்டர் லீவில் போகலாம். திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியா போகிற கோவை பஸ்ஸில், பொள்ளாச்சி சுற்றிப் போறதா கேட்டு ஏறுங்க, இடது பக்க ஜன்னல் சீட்டாப் பிடிங்க. பழனி தாண்டினதும் மலை கூடவே வரும். அவர் ஸ்டியரிங் பிடித்த ரோடு அதுதான்.