வேலை உரிமைக்கு வித்திட்ட ராண்டால்ஃப்

சிறுபான்மை மக்கள் கல்வி கற்றால் உயர்வர் என்பது உண்மை. ஆயினும், கற்ற பின்னும் வேலையின் வாயில் அடைபட்டுக் கிடப்பின் யாது செய்வது? அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றி, இவ்வினாவிற்குத் தம் வாழ்வையே விடையாக்கிய ஆசா பிலிப் ராண்டால்ஃப் அவர்களை இங்கு நாம் நினைவுகூர்கின்றோம்.

1889-ஆம் ஆண்டு புளோரிடா மாநிலத்தில் எளிய சமயப் போதகர் ஒருவரின் மைந்தராக அவர் பிறந்தார். பள்ளியில் முதன்மை மாணவராகத் தேறியும் கூலி வேலைகளே கிட்டின. 1911-இல் நியூயார்க் நகர் சென்று குடியேறினார்.

அந்நாளில் புல்மன் நிறுவனத்தின் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் பணிபுரிந்தோருள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். மாதம் 400 மணி நேர உழைப்பு. சொந்தப் பெயரிட்டு அழைக்கும் மரியாதையும் இல்லை. 1925-இல் சங்கம் கண்ட அவர்கள், ராண்டால்ஃபைத் தலைவராக்கினர். அவர் அந்நிறுவன ஊழியர் அல்லர்; ஆதலின் அவரை வேலை நீக்கம் செய்து அச்சுறுத்த இயலாது! பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்தின் பின், 1937-இல் நிறுவனம் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது. வேலை நேரம் மாதம் 240 மணியாகக் குறைந்தது, ஊதியமும் உயர்ந்தது.

1941-இல் போர்த்தளவாடத் தொழிற்சாலைகள் பல்கிப் பெருகின. ஆனால் கறுப்பினத்தவர்க்கு அங்கு இடமில்லை. ஓர் இலட்சம் பேருடன் ஜூலை 1 அன்று தலைநகரில் பேரணி நடத்துவோம் என ராண்டால்ஃப் அறிவித்தார். ஜூன் 25 அன்றே குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், அரசுப் பணியிலும் போர்த்தளவாடத் தொழில்களிலும் இன, சமய, நிறப் பாகுபாட்டைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். பேரணி கைவிடப்பட்டது. எனினும், ஆணையைச் செயற்படுத்த அமைந்த குழுவிற்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. 1946-இல் அதுவும் மறைந்தது.

ராண்டால்ஃப் சோர்ந்தாரில்லை. 1963 ஆகஸ்ட் 28 அன்று, தம் 74-ஆம் வயதில், வேலைக்கும் விடுதலைக்குமான பேரணியைத் தலைமையேற்று நடத்தினார். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் மக்கள் திரண்டனர். மார்ட்டின் லூதர் கிங்கின் உரையால் அந்நாளை உலகம் அறியும்; அப்பேரணியின் பெயரில் வேலையே முதலிடம் பெற்றிருந்ததைப் பலர் அறியார். 1964-ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் துறையிலும் பாகுபாட்டைத் தடுத்தது. 1972-இல் அது அரசுப் பணிகளுக்கும் விரிந்தது.

1979-இல் அப்பெருமகனார் மறைந்தார். தகுதியைக் கல்வி தரும். தகுதிக்குரிய இடத்தை ஒற்றுமையும் விடாமுயற்சியும் வலுவான சட்டமுமே பெற்றுத் தரும். மாணவச் செல்வங்களும் சமுதாயப் பெரியோரும் இதனை நெஞ்சிற் கொள்வார்களாக!