இரு மனத்தோடு இருபது ஆண்டுகள்



செபிக்க உட்கார்ந்தால் மனம் எங்கெங்கோ ஓடிவிடுகிறது என்பது பங்கு மக்கள் பலரும் சொல்லும் குறை. கையில் செபமாலை உருண்டுகொண்டிருக்கும். மனமோ பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தையும் கட்டவேண்டிய வட்டியையும் எண்ணிக்கொண்டிருக்கும். திருப்பலி நேரத்தில்கூட கைப்பேசியை ஒருமுறை எடுத்துப் பார்க்கத் தோன்றும். நாங்கள் குடும்பஸ்தர்கள், உலகத்தில் உழல்கிறவர்கள். கடவுளையே நினைத்திருப்பது குருக்களுக்கும் கன்னியர்களுக்கும்தான் முடியும் என்று பலர் தங்களுக்குத் தாங்களே ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் கன்னியர் மடத்திற்குள்ளேயே இருந்துகொண்டு, ஏறக்குறைய 20 ஆண்டுகள் மனம் ஒன்றிச் செபிக்க முடியாமல் தவித்த ஒருவர் நம் திருச்சபையின் மாபெரும் புனிதராக இருக்கிறார். அவர்தான் புனித அவிலா தெரேசா.

தெரேசா ஸ்பெயின் நாட்டின் அவிலாவில் 1515ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் பிறந்தார். தந்தை அலோன்சோ கண்டிப்பானவர். பக்தி நூல்களை விரும்பிப் படிப்பவர். தாய் பெயாட்ரிஸ் பக்தியுள்ள பெண்மணி. ஆனால் வீரர்களின் சாகசக் கதைகளை வாசிப்பதில் அவருக்குத் தனி விருப்பம். அந்த விருப்பம் மகளையும் தொற்றிக்கொண்டது. தந்தைக்குத் தெரியாமல் இரவும் பகலும் கதைப் புத்தகங்களில் மூழ்கினார் தெரேசா. சிறு வயதில், வேதசாட்சியாக இறந்து விண்ணகம் போகலாம் என்று அண்ணன் ரொட்ரிகோவோடு வீட்டை விட்டுக் கிளம்பியதும் இதே தெரேசாதான். தாய் இறந்தபோது, அன்னை மரியாவின் திருவுருவத்தின் முன் அழுது, இனி நீரே என் தாய் என்று வேண்டிக்கொண்டார். ஒரே உள்ளத்தில் கடவுள் ஆசையும் உலக ஆசையும் அன்றே குடியிருந்தன.

1535ஆம் ஆண்டு அவிலாவிலிருந்த மனுவுருவாதல் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். விரைவிலேயே கடும் நோய் தாக்கியது. 1539ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சுமார் 4 நாள்கள் உணர்வற்றுக் கிடந்தார். இறந்துவிட்டார் என்று எண்ணி மடத்தில் கல்லறைக் குழியும் தோண்டிவிட்டார்கள். பிழைத்தார்; ஆனால் ஏறக்குறைய 3 ஆண்டுகள் கைகால் சரியாக அசைக்க முடியாத நிலை. புனித சூசையப்பரின் பரிந்துரையால் குணம்பெற்றதாக அவர் உறுதியாக நம்பினார்.

மரணத்தின் வாசலைத் தொட்டுத் திரும்பியவர் இனி கடவுளுக்காக மட்டுமே வாழ்வார் என்று நாம் எதிர்பார்ப்போம். நடந்தது வேறு. அந்த மடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னியர்கள் இருந்தார்கள். எல்லாருக்கும் உணவு கொடுக்கவே வருமானம் போதவில்லை. எனவே ஊரார் வந்து பேசிப்போவதும், கன்னியர்கள் உறவினர் வீடுகளுக்குச் சென்று தங்குவதும் அங்கே வழக்கமாக இருந்தன. தெரேசா இனிமையாகப் பேசக்கூடியவர். எல்லாரும் அவரைத் தேடி வந்தார்கள். பார்வையாளர் அறையில் மணிக்கணக்கில் பேச்சு நடந்தது. அதில் பெரிய பாவம் எதுவும் இல்லை. வயதான கன்னியர் ஒருவர் எச்சரித்தும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் செபத்திற்குப் போனால் அந்தப் பேச்சுகள் பின்தொடர்ந்தன. பேச்சில் இருந்தால் கடவுளின் நினைவு உறுத்தியது. கடவுளிடத்திலும் மகிழ்ச்சி இல்லை, உலகத்திலும் நிம்மதி இல்லை. செப நேரம் முடிந்து எப்போது மணி அடிக்கும் என்று காத்திருந்த நாள்கள் பல உண்டு என்று அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று அடுத்து வந்தது. இப்படிப்பட்ட நான் கடவுளோடு தனியே பேச என்ன தகுதி உள்ளவள் என்று எண்ணி, தனிச் செபத்தையே அவர் விட்டுவிட்டார். ஓராண்டுக்கும் மேலாக இந்நிலை நீடித்தது. இதில் வேதனை என்னவென்றால், தம் தந்தைக்குச் செபிக்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். தந்தை செப வாழ்வில் வளர்ந்துகொண்டே போனார். வீண்பேச்சில் நேரத்தைச் செலவிட விரும்பாமல், மகளைப் பார்க்க வந்தாலும் சீக்கிரமே விடைபெற்றார். கற்றுக்கொடுத்த மகளோ உடல்நிலையைக் காரணம் காட்டி விலகி நின்றார். செபத்தை விட்டதைத் தாழ்ச்சி என்று நினைத்தார். அது சாத்தான் விரித்த வலை என்பதைப் பின்னாளில்தான் புரிந்துகொண்டார்.

1543ஆம் ஆண்டு தந்தை இறந்தார். அப்போது தந்தையின் ஆன்ம குருவாக இருந்த தொமினிக்கன் சபைக் குரு வின்சென்ட் பரோனிடம் தெரேசா தம் நிலையைத் திறந்து சொன்னார். தகுதி வந்தபின் செபிக்கலாம் என்று காத்திருக்காமல், உடனே செபத்திற்குத் திரும்பும்படியும், அடிக்கடி நற்கருணை வாங்கும்படியும் அவர் வழிகாட்டினார். தெரேசா திரும்பினார். பராக்கு நீங்கவில்லை, இழுபறியும் ஓயவில்லை. ஆனால் அதன்பின் ஒருநாளும் செபத்தை விடவில்லை.

அன்பார்ந்தவர்களே, அவருடைய வாழ்வின் திருப்புமுனை இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். 1554ஆம் ஆண்டு, காயங்களோடு நின்ற ஆண்டவரின் திருவுருவத்தைக் கண்டு அவர் கண்ணீர் சிந்தி முழுமையாக மனம் மாறியதை எல்லாரும் சொல்வார்கள். அது உண்மைதான். அப்போது அவருக்கு வயது 39. ஆனால் சுவையே இல்லாத ஆண்டுகளில் விடாமல் போய் உட்கார்ந்ததால்தான், ஆண்டவர் தொட்ட நேரத்தில் அவர் அங்கே இருந்தார். புனித அகுஸ்தினார் தம் மனமாற்றத்தைப் பற்றி எழுதிய நூலும் அந்நாள்களில் அவருக்குத் துணைநின்றது.

அதன்பின் அவர் உலகத் தொல்லைகளே இல்லாத வாழ்வு வாழ்ந்தாரா? இல்லை. 1562ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் புனித சூசையப்பர் பெயரால் சிறிய மடம் ஒன்றை அவிலாவில் தொடங்கினார். இறப்பதற்குள் 17 மடங்களை நிறுவினார். வீடு வாங்குவது, கடன் அடைப்பது, வழக்கைச் சந்திப்பது, மூடிய வண்டியில் வெயிலிலும் மழையிலும் பயணம் செய்வது, ஓயாமல் கடிதம் எழுதுவது என்று நம்மில் பலரைவிட அதிக அலுவல்களைச் சுமந்தார். ஆனால் சமையலறைப் பானைகளின் நடுவிலும் ஆண்டவர் இருக்கிறார் என்று தம் சகோதரிகளுக்குக் கற்பித்தார்.

1571ஆம் ஆண்டு பழைய மனுவுருவாதல் மடத்திற்கே தலைவியாக அனுப்பப்பட்டார். அங்கிருந்த பலர் அவரை ஏற்க மறுத்தார்கள். அவரோ தலைவியின் இருக்கையில் அன்னை மரியாவின் திருவுருவத்தை அமர்த்தி, அதன் கையில் மடத்துச் சாவிகளை வைத்தார். தாம் கீழே அமர்ந்தார். எந்தப் பார்வையாளர் அறை தம் உள்ளத்தைச் சிதறடித்ததோ, அதே அறையில் பிறர் சிதறிப்போகாதபடி காக்கும் பொறுப்பு இப்போது அவருடையது. இடம் மாறவில்லை; வேலையும் குறையவில்லை. உள்ளம் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதுதான் மாறியிருந்தது. மார்த்தா பணிவிடை செய்ததை ஆண்டவர் குறை கூறவில்லை, பலவற்றைப் பற்றிக் கலங்கியதையே சுட்டிக்காட்டினார் என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

1577ஆம் ஆண்டு எழுதிய நூலில், செபத்தில் அலையும் எண்ணங்களை அவர் மாவு ஆலையின் சத்தத்திற்கு ஒப்பிடுகிறார். சத்தம் கேட்கிறது என்பதற்காக அரைப்பதை நிறுத்திவிட வேண்டாம்; அது கடகடக்கட்டும், நாம் நம் மாவை அரைப்போம் என்பது அவர் காட்டும் வழி.

1582ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் இரவு தெரேசா இறைவனடி சேர்ந்தார். நாள்காட்டி திருத்தப்பட்டதால் அடுத்த நாள் அக்டோபர் 15 ஆயிற்று. அதுவே அவரது திருநாள். 1622ஆம் ஆண்டு, நம் முத்துக்குளித்துறையில் நற்செய்தி அறிவித்த புனித பிரான்சிஸ் சவேரியாரோடு ஒரே நாளில் அவருக்கும் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. 1970ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் பவுல் அவரை மறைவல்லுநராக அறிவித்தார். அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் பெண் அவரே.

எனவே, செபத்தில் மனம் ஒன்றவில்லை என்று சோர்ந்துபோயிருப்பவர்களே, செபத்தை விட்டுவிடாதீர்கள். தகுதியில்லை என்று திவ்விய நற்கருணை நாதரின் முன்னிருந்து எழுந்து போய்விடாதீர்கள். பாவம் உறுத்தினால் ஒப்புரவு அருட்சாதனத்திற்கு வாருங்கள். நாளுக்குக் கால்மணி நேரம் கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு அமருங்கள். மனம் ஓடினால் ஓடட்டும். அதைக் கூட்டி வந்து மறுபடியும் ஆண்டவர் முன் உட்காரவையுங்கள். நூறு முறை ஓடினால் நூறு முறை கூட்டி வாருங்கள். அப்படித் திரும்பி வருவதே ஒரு செபம்தான். 20 ஆண்டுகள் தெரேசாவுக்காகப் பொறுமையோடு காத்திருந்த ஆண்டவர் நமக்காகவும் காத்திருக்கிறார்.

புனித அவிலா தெரேசாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.