மாலை காணாத தோள்

காலரா கண்ட ஊரில் பிணம் தூக்க ஆளிருக்காது! அது ஒரு காலம். ஓலா தேவியின் சினம் என்றெண்ணி வங்க மக்கள் படையலிட்டனர். 1884-இல் கல்கத்தாவிலே அந்நோயின் கிருமியைப் பிரித்துக் காட்டினார் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக். கிருமி தெரிந்தது, கொல்லும் வகை தெரியவில்லை. குடலில் மட்டுமே குடியிருக்கும் கிருமி, உடலின் நீரையெல்லாம் வடித்துக் கொட்டுவது எங்ஙனம்? 75 ஆண்டுகள் அது புதிர்!

அவிழ்த்தவர் சம்புநாத் தே. 1915-இல் ஹூக்ளி மாவட்டச் சிற்றூரில் பிறந்தவர். லண்டனிலே ஆராய்ந்து டாக்டர் பட்டம் பெற்றவர், 1949-இல் கல்கத்தா திரும்பினார். மருத்துவக் கல்லூரியில் மாணவர்க்குப் பாடம்; அதனூடே ஆராய்ச்சி. முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, உள்ளே கிருமியைச் செலுத்தினார். குடல் நீரால் புடைத்தது. பிறகு கிருமியை வடிகட்டி நீக்கிய நீரை மட்டும் செலுத்தினார், அப்போதும் புடைத்தது! கிருமி உமிழும் நஞ்சே காரணம் என்று 1959-இல் உலகுக்கு அறிவித்தார்.

உலகம் உணர்ந்ததா? அமெரிக்க அறிஞர் லெடர்பர்க் அவரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைத்தார். 1978-இல் ஸ்டாக்ஹோம் கருத்தரங்கு அழைத்தது. இந்திய அறிவியற் கழகங்களோ உறுப்பினராகக்கூட ஏற்கவில்லை! 1973-இல் ஓய்வு பெற்றவர், 1985-இல் மறைந்தார்.

மறைந்தபின் பாடும் புகழ் யாருக்குப் பயன்? இன்றும் ஏதோவொரு கல்லூரியின் மூலையறையில், பாடம் முடித்துவிட்டு ஆய்வில் மூழ்கியிருப்பார் ஓர் ஆசிரியர். அவர் வாழும்போதே கண்டு போற்றுவோம். சம்புநாத்துக்குப் பட்ட கடன் அப்போதுதான் தீரும்!