அரபி அறிந்த பெல் அம்மையார்

படையும் பொருளும் இருந்தால் போரை வென்றுவிடலாம் எனக் கருதுவோர், புகுந்த நாட்டின் மொழியை மறந்துவிடுகின்றனர். 1914 நவம்பரில் பஸ்ராவைக் கைப்பற்றிய படையை அனுப்பியது இந்தியாவை ஆண்ட ஆங்கில அரசு. அதன் அதிகாரிகளுள் உருது அறிந்தோர் பலர்; அரபி அறிந்தோரோ மிகச் சிலர். அக்குறையை நீக்க அழைக்கப்பட்டவர்களுள் ஒருவரே கெர்ட்ரூட் பெல் அம்மையார்.

1868 ஜூலை 14இல் இங்கிலாந்தில், இரும்புத் தொழிலில் செழித்த குடும்பத்தில் பிறந்தார். ஆக்ஸ்போர்டில் வரலாறு பயின்று முதல் வகுப்பில் தேறினார். பாரசீகம் கற்று, ஹாபிஸின் கவிதைகளை 1897இல் ஆங்கிலத்தில் பெயர்த்தார். பின்னர் ஜெரூசலத்தில் தங்கி அரபி பயின்றார். அம்மொழியின் தொண்டை ஒலிகள் அவருக்கு எளிதில் வசப்படவில்லை. நம் மாணவர்க்கும் இது புதிதன்று! 1913-14இல் ஒட்டகப் பயணமாக ஹாயில் வரை சென்று மீண்டார். கிணறுகளையும் குலங்களையும் குறித்து அவர் திரட்டிய செய்திகளே பின்னர்ப் படைக்குத் தேவைப்பட்டன. 1915இல் கெய்ரோவுக்கும், 1916 மார்ச்சில் பஸ்ராவுக்கும் சென்றார். அடுத்த மாதமே கூத் நகரில் முற்றுகைப்பட்டிருந்த ஆங்கிலப் படை சரணடைந்தது.

மொழி அறிந்தவர் மக்கள் கருத்தையும் அறிவார் என்பதில்லை. போர் முடிந்ததும் ஈராக்கியரின் விருப்பம் கேட்கப்பட்டது. ஆட்சியாளருக்கு இசைவான விடை வரும் வகையிலேயே கேட்கப்பட்டது. தொடக்கத்தில் ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியையே ஆதரித்த அம்மையார், 1919இல் சிரியாவைக் கண்டு திரும்பிய பின் அரபியரே ஆள வேண்டும் என அறிக்கை எழுதினார். மேலதிகாரி ஆர்னால்ட் வில்சன் அதனை ஏற்கவில்லை. 1920 ரமலானில் பக்தாதின் பள்ளிவாசல்களில் சுன்னத்து, ஷியாப் பிரிவினர் ஒருங்கே கூடினர். சில வாரங்களில் கிளர்ச்சி வெடித்தது; ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அதனை அடக்கக் கோடிக்கணக்கான பவுன் செலவாகவே, இலண்டன் இதழ்கள் இப்படை அங்கு எதற்கு என வினவின. வேற்று நாட்டார் உயிரைவிட வரிப்பணமே பொதுமக்கள் கருத்தை விரைந்து திருப்புகிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.

1921இல் பைசலை அரசராக்க மீண்டும் கருத்துக் கேட்டனர். நூற்றுக்கு 96 பேர் இசைந்ததாக அறிவிப்பு வந்தது. அரசுப் பொறுப்பை நாடிய சையித் தாலிபோ, அதற்குச் சில மாதங்கள் முன்னரே, ஆங்கில உயர் ஆணையரின் இல்லத்தில் தேநீர் அருந்தி வெளிவந்தபோது கைதாகி இலங்கைக்குக் கடத்தப்பட்டிருந்தார். அத்தேநீர் விருந்தில் அம்மையாரும் இருந்தார். தம் நாட்டில் பெண்கள் வாக்களிப்பதையே எதிர்த்து இயக்கம் நடத்தியவர் அவர் என்பதையும் ஈண்டு நினைக்கலாம்.

எனினும் தொல்பொருள் துறைக்கு அவர் ஆற்றிய பணியை நாம் மறுப்பதற்கில்லை. அகழ்ந்தெடுத்த செல்வங்களில் ஒரு பங்கு ஈராக்கிலேயே தங்கச் செய்து, பக்தாதில் அருங்காட்சியகம் அமைத்தார். 1926 ஜூலை 12இல் அந்நகரிலேயே இறந்து, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 2003 ஏப்ரலில் அமெரிக்கப் படை பக்தாதில் புகுந்தபோது அந்த அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. மூன்றாண்டுகள் கழித்து, பக்தாதிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தின் ஆயிரம் பணியாளருள் அரபி அறிந்தோர் 33 பேர் என்றும், அவருள் சரளமாகப் பேச வல்லோர் அறுவரே என்றும் அந்நாட்டின் ஆய்வுக் குழுவொன்று கணக்கிட்டது.